டார்வின் நகரத்துக்கு அந்தப் பெயரை வைத்தது யார், எதற்காக?

ஆஸ்திரேலியாவின் வடகரையில் டார்வின் என்றொரு நகரம் இருக்கிறது, வடக்குப் பிரதேசத்தின் தலைநகர். கிரிக்கெட் பார்க்கிறவர்களுக்கும், முதலைப் படங்கள் பார்க்கிறவர்களுக்கும் பெயராவது தெரிந்திருக்கும். கேட்டதும் எல்லோரும் நினைப்பது ஒன்றுதான்: பரிணாமக் கொள்கையைச் சொன்ன சார்லஸ் டார்வினைக் கௌரவிக்க வைத்த பெயர். ஆள் சரி, காரணம்தான் தப்பு. அந்தத் துறைமுகத்துக்குப் பெயர் விழுந்தது 1839 செப்டம்பரில். பரிணாமத்தைப் பற்றி அவர் எழுதிய புத்தகம் வெளிவந்தது 1859 நவம்பரில். நடுவில் முழுசாக இருபது வருஷம்.

சரி, 1839இல் சார்லஸ் டார்வின் யார்? வயது 30. லண்டனில் வாடகை வீடு. அந்த ஜனவரியில்தான் மாமா மகள் எம்மா வெட்ஜ்வுட்டைக் கல்யாணம் செய்துகொண்டார், அதே மாதத்தில் ராயல் சொசைட்டியில் உறுப்பினரானார், அதே வருஷம் கப்பல் பயண நூல் வெளிவந்தது, வருஷக் கடைசியில் தலைப்பிள்ளை பிறந்தது. படித்தவர்கள் வட்டத்தில் அவருக்கு இருந்த பெயர் நிலவியலாளர் என்பது, அப்போது நிலவியல் சங்கத்தின் செயலாளரும் அவர்தான். உயிரினங்கள் மாறிக்கொண்டே வந்திருக்கின்றன என்ற எண்ணத்தை 1837 முதலே நோட்டுப் புத்தகங்களில் குறித்துவந்தார் என்றாலும் அதை வெளியே விடவில்லை. 1844இல் நண்பர் ஹூக்கருக்கு எழுதிய கடிதத்தில், இதைச் சொல்வது ஏதோ கொலையை ஒப்புக்கொள்வது மாதிரி இருக்கிறது என்றே எழுதினார். ஆக, உலகின் மறுகோடியில் அவர் பெயரை வரைபடத்தில் எழுதியவர்களுக்கு இதில் எதுவும் தெரியாது. அவர்களுக்குத் தெரிந்தது வேறொரு டார்வின், எந்நேரமும் குமட்டலோடு மேஜை ஓரமாகச் சாய்ந்து கிடந்த கூட்டுப் பயணி.

பீகிள் என்ற கப்பலை டார்வினோடு சேர்த்தே நாம் கேள்விப்படுகிறோம், ஆனால் அந்தக் கப்பல் மூன்று பெரிய அளவைப் பயணங்கள் போனது, டார்வின் போனது இரண்டாவதில் மட்டும். 1831 டிசம்பர் 27 அன்று கிளம்பி 1836 அக்டோபர் 2 அன்று இங்கிலாந்து திரும்பிய அந்தப் பயணத்தின் தலைவர் ராபர்ட் ஃபிட்ஸ்ராய். அவருக்கு அடுத்த நிலையில் முதல் லெப்டினன்ட்டாக இருந்தவர் ஜான் கிளெமென்ட்ஸ் விக்கம், அளவைப் பணியில் உதவியாளராக இருந்தவர் ஜான் லார்ட் ஸ்டோக்ஸ். 1837இல் அதே கப்பல் மூன்றாவது பயணமாக ஆஸ்திரேலியக் கரைகளை அளக்கப் புறப்பட்டபோது விக்கம்தான் தலைவர், ஸ்டோக்ஸ் அவருக்கு வலதுகை. கப்பலும் மாறவில்லை, ஆட்களும் பெரிதாக மாறவில்லை. டார்வின் மட்டும் இல்லை.

இரண்டாவது பயணத்தில் விக்கம், ஸ்டோக்ஸ், டார்வின் மூவரும் ஐந்து வருஷம் எப்படிக் குடித்தனம் நடத்தினார்கள் என்று பார்த்தால் பெயர் வைத்த மனசு புரியும். கப்பலின் பின்பக்கத்தில் ஒரு சின்ன அறை, நீள அகலம் பத்துப் பதினோரு அடி. அதன் நடுவை அடைத்துக்கொண்டு வரைபட மேஜை. ஒரு பக்கம் ஸ்டோக்ஸ் கடற்கரை வரைபடங்களை வரைந்துகொண்டிருப்பார், இன்னொரு பக்கம் டார்வின் நுண்ணோக்கியைக் குனிந்து பார்த்துக்கொண்டிருப்பார். இரவில் அந்த மேஜைக்கு மேலேதான் டார்வினின் தூளிப் படுக்கை கட்டப்படும். ஆள் ஆறடி உயரம், கால் நீட்ட இடம் பற்றாது. அதனால் படுக்கப்போகும் முன் சுவர் அலமாரியின் மேல் இழுப்பறையைக் கழற்றி வைத்துவிட்டு, அந்தச் சந்துக்குள் காலை விட்டுக்கொள்வார். கப்பலின் பின்பகுதி என்பதால் ஆட்டம் வேறு அதிகம். டார்வின் இறந்தபோது, அதாவது 1882இல், அட்மிரலாகிவிட்ட ஸ்டோக்ஸ் லண்டன் பத்திரிகை ஒன்றுக்கு எழுதிய கடிதத்தில் இதை நினைவுகூர்ந்தார்: ஒரு மணி நேரம் வேலை பார்ப்பார், அப்புறம் முடியாமல், “நண்பா, நான் கொஞ்சம் படுத்தாக வேண்டும்” என்று சொல்லிவிட்டு மேஜையின் ஓரத்தில் நீட்டிவிடுவார், தலை தெளிந்ததும் மறுபடி எழுந்து வேலை.

விக்கமுக்கும் டார்வினுக்கும் உறவு இன்னும் சுவாரசியமானது. விக்கம் டார்வினைவிடப் பத்து வயதுக்கு மேல் மூத்தவர், கப்பல் தளத்தைத் துடைத்துத் துடைத்துப் பளிச்சென்று வைத்திருக்க வேண்டும் என்பதில் பிடிவாதக்காரர், அதற்குப் பொறுப்பும் அவரே. டார்வினோ கரைக்குப் போய்வரும்போதெல்லாம் எலும்பு, பாறை, பாசி, செத்த மீன் என்று மூட்டை மூட்டையாகக் கொண்டுவந்து அதே தளத்தில் கொட்டுவார். ‘என் கையில் மட்டும் இந்தக் கப்பல் இருந்தால் இந்தக் குப்பை எல்லாவற்றையும், பின்னாலேயே உன்னையும் தூக்கிக் கடலில் எறிந்திருப்பேன்’ என்கிற தோரணையில் விக்கம் திட்டுவாராம். அந்த விக்கமைத்தான் அருமையான மனுஷன் என்று டார்வின் வீட்டுக்கு எழுதினார். மூன்றாவது பயணத்தில் கப்பல் உண்மையிலேயே விக்கம் கைக்கு வந்தது. குப்பை போட ஆள் இல்லை. டார்வின் இல்லாத தளம் எப்படியும் பளபளவென்றுதான் இருந்திருக்கும்.

அளவைக் கப்பல்களில் பெயர் வைப்பது அன்றாட வேலை. ஒவ்வொரு முனைக்கும் குடாவுக்கும் ஆற்றுக்கும் வரைபடத்தில் ஏதாவது எழுதியாக வேண்டும். அரசி, அமைச்சர், கடற்படை மேலதிகாரி எல்லோருக்கும் ஒதுக்கியது போக மிச்சத்துக்குக் கூடப் பயணித்தவர்களின் பெயர். பீகிளின் மூன்றாவது பயணத்தின் தடத்தை வரைபடத்தில் தொடர்ந்து போனால் பழைய வருகைப் பதிவேட்டைப் படிக்கிற மாதிரியே இருக்கும். 1838இல் மேற்குப் பக்கம் ஒரு ஆற்றைக் கண்டார்கள், பழைய தலைவர் நினைவாக ஃபிட்ஸ்ராய் ஆறு. 1839இல் வடக்கில் இன்னொரு பெரிய ஆறு, அது விக்டோரியா, அரசிக்கு. டார்வின் துறைமுகத்துக்குப் பக்கத்திலேயே ஒரு குடா, அது பைனோ, இரண்டு பயணங்களிலும் கப்பலின் மருத்துவராக இருந்த பெஞ்சமின் பைனோ.

இந்த வேலை மேஜையில் உட்கார்ந்து பெயர் எழுதுவது போல நிம்மதியானது என்று நினைத்துவிட வேண்டாம். அதே 1839இல், டார்வின் துறைமுகத்துக்குக் கிழக்கே ஒரு பாறைக் கரையில் ஃபிட்ஸ்மாரிஸ், கீஸ் என்ற இரண்டு அதிகாரிகள் திசைகாட்டிகளைச் சரிபார்த்துக்கொண்டிருந்தபோது, மேலே செங்குத்துப் பாறையில் அந்த மண்ணின் மக்கள் ஈட்டிகளோடு வந்து நின்றுவிட்டார்கள். கையில் துப்பாக்கி இல்லை. இருவரும் வேறு வழி தெரியாமல் கீழே நின்று கத்திக் கத்தி ஆட ஆரம்பித்தார்கள். மேலே நின்றவர்கள் ஈட்டியை மறந்து வேடிக்கை பார்க்க, ஆட்டத்தை நிறுத்தினால் உயிர் போகும் என்பதால் படகு வந்து சேரும்வரை ஆடிக்கொண்டே இருந்தார்கள். அந்த இடத்துக்கு வைத்த பெயர் ‘தப்பித்த பாறைகள்’ என்ற பொருளில் எஸ்கேப் கிளிஃப்ஸ். அந்த வருஷக் கடைசியில் வேறோர் இடத்தில் ஸ்டோக்ஸ் மீதே ஈட்டி பாய்ந்தது, பிழைத்துக்கொண்டார்.

செப்டம்பருக்கு வருவோம். ஸ்டோக்ஸ் படகில் போய் ஆராய்ந்ததில், உள்ளே கைகைகளாகப் பிரிந்து விரியும் பெரிய துறைமுகம் ஒன்று இருப்பது தெரிந்தது. அங்கே கரையில் நயமான மணற்கல் கிடைத்தது, அந்தப் பக்கத்துக் கரையில் அதுவரை அவர்கள் பார்க்காத பாறை. பாறை என்றதும் யார் ஞாபகம் வரும்? பின்னாளில் எழுதிய பயண நூலில் ஸ்டோக்ஸ் காரணத்தை ஒளிக்காமல் சொல்லியிருக்கிறார்: இந்தப் புது மணற்கல், ஒரு பழைய கப்பல் தோழர் இன்னும் எங்கள் நினைவில் இருக்கிறார் என்று காட்டப் பொருத்தமான வாய்ப்பாக அமைந்தது, அதனால் இந்த நீர்ப்பரப்புக்குப் போர்ட் டார்வின் என்று பெயர் வைத்தோம். அவ்வளவுதான். அறிவியல் மேதைக்கு அஞ்சலி என்று அதில் ஒரு வரி கிடையாது. பாறைப் பைத்தியம் பிடித்த நண்பனுக்கு ஒரு பாறைக் கரை, உள்வட்டத்து வேடிக்கை என்றுகூடச் சொல்லலாம்.

டார்வின் டார்வினுக்குப் போனதே இல்லை என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும். அவர் ஆஸ்திரேலியாவைப் பார்த்தது 1836இல், ஜனவரியிலிருந்து மார்ச்வரை, அதுவும் தெற்குப் பகுதிகள் மட்டும். சிட்னியில் இறங்கினார், குதிரையில் நீல மலைகளைத் தாண்டி பாதர்ஸ்ட்வரை போனார், வழியில் பிளாட்டிபஸ் பார்த்தார், ஹோபார்ட்டில் 27ஆவது பிறந்தநாள் வந்தது, கடைசியாகத் தென்மேற்கு மூலையில் கிங் ஜார்ஜ் சவுண்ட். சிட்னிக்கும் இன்றைய டார்வின் நகருக்கும் நேர்கோட்டில் 3,000 கிலோமீட்டருக்கு மேல். நாடும் அவருக்குப் பெரிதாகப் பிடிக்கவில்லை. ஒரு நாள் தெற்கின் இளவரசியாக ஆட்சி செய்வாய், ஆனால் நேசிக்க முடியாத அளவுக்குப் பெரியவள், மதிக்கும் அளவுக்கு இன்னும் பெரியவளாகவில்லை, வருத்தமில்லாமல் உன் கரையைவிட்டுப் போகிறேன் என்று எழுதிவிட்டுத்தான் கிளம்பினார். அப்படி எழுதிய புத்தகம் அச்சாகி வெளிவந்த அதே 1839இல் அந்த நாடு ஒரு துறைமுகத்துக்கு அவர் பெயரைச் சூடிக்கொண்டது. வைத்தவர்கள் பிரிட்டிஷ் மாலுமிகள்தான், நாடு வைத்தது என்று சொல்வதும் சரியில்லை.

அந்த இடம் பெயரில்லாமல் காத்துக்கொண்டும் இருக்கவில்லை. அது லராக்கியா மக்களின் கடற்கரை, அவர்கள் மொழியில் கர்ரமில்லா. பீகிள் வருவதற்கு வெகு முன்பிருந்தே வடகரையின் மற்ற பகுதிகளுக்கு இன்றைய இந்தோனேசியாவின் மக்காசாரிலிருந்து கடல் அட்டை பிடிக்கப் பாய்மரப் படகுகள் ஆண்டுதோறும் வந்து போயின. ‘கண்டுபிடித்தார்கள்’ என்று எழுதும்போது கை கொஞ்சம் தயங்குகிறது. வரைபடத்தில் ஏற்றினார்கள் என்பதுதான் நேர்மையான சொல்.

பெயர் வைத்துவிட்டு பீகிள் போய்விட்டது. அப்புறம் முப்பது வருஷம் அங்கே ஒன்றும் நடக்கவில்லை. ஆங்கிலேயர்களுக்கு வடகரையில் ஒரு தளம் வேண்டும் என்ற ஆசை முன்பே இருந்தது, இருந்தும் கால் வைத்த இடமெல்லாம் கையைச் சுட்டது: மெல்வில் தீவில் 1824 முதல் 1829வரை, ராஃபிள்ஸ் வளைகுடாவில் 1827 முதல் 1829வரை, போர்ட் எசிங்டனில் 1838 முதல் 1849வரை. காய்ச்சல், கறையான், புயல், வந்து சேராத கப்பல்கள் என்று ஒவ்வொன்றும் ஊத்திக்கொண்டது. 1863இல் வடக்குப் பிரதேசம் தெற்கு ஆஸ்திரேலியக் காலனியின் கைக்குப் போனதும் அடுத்த முயற்சி, மேலே சொன்ன அதே எஸ்கேப் கிளிஃப்ஸில். அந்தக் குடியிருப்புக்குப் பால்மர்ஸ்டன் என்று பெயர், பிரிட்டிஷ் பிரதமர் பால்மர்ஸ்டன் பிரபுவை வைத்து. 1867இல் அதையும் மூட்டை கட்டினார்கள்.

பிறகு 1869 பிப்ரவரியில் தெற்கு ஆஸ்திரேலியாவின் தலைமை நில அளவையாளர் ஜார்ஜ் கோய்டர் ஒரு குழுவோடு போர்ட் டார்வினில் வந்து இறங்கினார். ஆறேழு மாதத்தில் ஊரையும் சுற்றுப்புறத்தையும் அளந்து மனை பிரித்துவிட்டார். மனை பிரித்த ஊருக்கு வைத்த பெயர் டார்வின் இல்லை, மறுபடியும் பால்மர்ஸ்டன். துறைமுகம் போர்ட் டார்வின், ஊர் பால்மர்ஸ்டன். இப்படி இரட்டைப் பெயரோடுதான் நாற்பது வருஷத்துக்கு மேல் ஓடியது. இன்றைக்கும் நகர மையத்துத் தெருக்களைப் பார்த்தால் ஸ்மித், நக்கி என்று கோய்டரின் அளவைக் குழுவில் இருந்தவர்களின் பெயர்கள்தான். கூட வேலை பார்த்தவன் பெயரை மண்ணில் எழுதும் பழக்கம் கடலில் ஆரம்பித்துக் கரையேறிவிட்டது.

பிரதமர் தோற்று மாலுமிகளின் நண்பர் ஜெயித்தது எப்படி? இதில் எனக்குப் பெரிய பங்கு தந்தியுடையது என்றே படுகிறது. 1871இல் ஜாவாவின் பன்யுவாங்கியிலிருந்து கடலடிக் கம்பி போர்ட் டார்வினில் கரையேறியது. தெற்கே போர்ட் அகஸ்டாவிலிருந்து பாலைவனத்தின் நடுவே சுமார் 3,200 கிலோமீட்டருக்குக் கம்பம் நட்டு, சார்லஸ் டாட் என்பவரின் தலைமையில் 1872 ஆகஸ்டில் தரைவழித் தந்தி இணைந்தது. நடுவில் கடலடிக் கம்பி அறுந்துபோய், அக்டோபரில் சரிசெய்யப்பட்ட பின்தான் லண்டனோடு நேரடித் தொடர்பு. அதுவரை கப்பலில் மாதக்கணக்கில் வந்த செய்தி இப்போது மணிக்கணக்கில் வந்தது. இந்தச் சங்கிலியில் சென்னையும் ஒரு கண்ணி: லண்டனிலிருந்து பம்பாய்வரை கடலடி, அங்கிருந்து தரைவழியாகச் சென்னை, சென்னையிலிருந்து பினாங்கு வழியே சிங்கப்பூருக்கு 1871இல் வேலை தொடங்கிய கடலடிக் கம்பி, பிறகு ஜாவா, பிறகு போர்ட் டார்வின். லண்டன் பருத்தி விலையோ போர்ச் செய்தியோ அடிலெய்டுக்குப் போகும் வழியில் நம்மூர்த் தந்தி ஊழியர்களின் விரலைத் தொட்டுவிட்டுத்தான் போனது.

உலகத்துக்கு அந்த முனை போர்ட் டார்வின்தான். கம்பி கரையேறுவது துறைமுகத்தில், கப்பல் நிற்பது துறைமுகத்தில், பத்திரிகையில் வருவதும் அதே பெயரில். பால்மர்ஸ்டன் என்பது பத்திரப் பதிவுக்கும் அரசாங்கத் தாளுக்கும். தெற்கே பைன் கிரீக்கில் தங்கம் கிடைத்தது, 1874இல் சிங்கப்பூரிலிருந்து சீனத் தொழிலாளர்கள் வந்து இறங்கினார்கள், அந்த நூற்றாண்டு முடியுமுன் பிரதேசத்தில் ஐரோப்பியர்களைவிடச் சீனர்கள் அதிகம் என்ற நிலை வந்தது. அவர்களும் வந்து இறங்கியது போர்ட் டார்வினில்தான். 1911 ஜனவரி 1 அன்று பிரதேசம் தெற்கு ஆஸ்திரேலியாவிடமிருந்து மத்திய அரசுக்கு மாறியது. அந்த வருஷமே ஊரின் பெயரையும் டார்வின் என்று சட்டப்படி மாற்றினார்கள், எல்லோரும் ஏற்கெனவே சொல்லிக்கொண்டிருந்ததைத் தாளில் ஏற்றிய வேலை. இதற்குள் டார்வின் இறந்து 29 வருஷம், வெஸ்ட்மின்ஸ்டர் அபேயில் அடக்கம், உலகம் முழுக்கத் தெரிந்த பெயர். அந்தப் புகழ் யாரையும் உறுத்தியிருக்காது, பெருமையாகவே இருந்திருக்கும். ஆனாலும் புகழ் வந்து ஒட்டிக்கொண்டது பின்னாளில்.

குடும்பத்தின் பக்கமும் ஒரு பார்வை பார்க்கலாம், ஏனென்றால் டார்வின் என்ற பெயர் சார்லஸால் மட்டும் தெரியவந்ததில்லை. 18ஆம் நூற்றாண்டில் டார்வின் என்றால் இங்கிலாந்தில் அது தாத்தா எராஸ்மஸ் டார்வின். லிச்ஃபீல்டில் மருத்துவர், கவிஞர், கருவிகள் கண்டுபிடிப்பவர். உயிர்களெல்லாம் ஒரே மூலத்திலிருந்து கிளைத்திருக்கலாம் என்று பேரன் பிறப்பதற்கு முன்பே எழுதியவர். 1770இல் ‘சிப்பியிலிருந்தே எல்லாம்’ என்ற பொருளில் ஒரு லத்தீன் வாசகத்தைக் குடும்ப முத்திரையோடு தன் வண்டியில் எழுதிக்கொண்டு ஊருக்குள் போய்வந்தார். உள்ளூர்ப் பாதிரியார் ஒருவர் படைத்தவனையே மறுக்கிறான் என்று கேலிப் பாட்டு எழுத, பணக்கார நோயாளிகள் கைவிட்டுப் போய்விடக் கூடாதே என்று வண்டியிலிருந்து அதை அழித்துவிட்டார். வருமானமா வாசகமா என்று வந்தபோது மருத்துவர் வருமானத்தைத் தேர்ந்தெடுத்தார். பேரன் இருபது வருஷம் வாயைத் திறக்காமல் இருந்ததை இந்தக் கதையோடு சேர்த்துப் பார்க்கத் தோன்றுகிறது, ரத்தத்தில் தைரியம் மட்டுமில்லை, எச்சரிக்கையும் ஓடியிருக்கிறது.

நடுவில் அப்பா ராபர்ட், ஷ்ரூஸ்பரியில் மருத்துவர், மகனைக் கப்பலில் அனுப்பவே முதலில் மறுத்தவர். எம்மாவின் அப்பா ஜோசையா வெட்ஜ்வுட், அதாவது தாய்மாமன், போய்ப் பேசியிருக்காவிட்டால் பயணமும் இல்லை, இந்தக் கட்டுரையும் இல்லை.

சார்லஸின் பிள்ளைகளில் இரண்டு பேர் நம் துறைமுகத்தோடு விநோதமாக ஒட்டுகிறார்கள். ஜார்ஜ் டார்வின் கேம்பிரிட்ஜில் வானியல் பேராசிரியர், அவர் வாழ்நாள் ஆராய்ச்சி கடல் ஓதங்களைப் பற்றியது. அப்பா பெயரிலுள்ள துறைமுகமோ ஓதத்துக்குப் பேர்போனது, ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் வித்தியாசம் எட்டு மீட்டரைத் தொடும் நாட்கள் உண்டு. இது தற்செயல்தான், இருந்தாலும் சொல்லாமல் விட மனசில்லை. இன்னொருவர் லியனார்ட் டார்வின், ராணுவப் பொறியாளர். 1882 டிசம்பரில் வெள்ளிக் கோள் சூரியனைக் கடப்பதைப் பார்க்கக் குயின்ஸ்லாந்தில் ஜிம்பூர் என்ற இடத்துக்கு அனுப்பப்பட்டார். அப்பா இறந்து எட்டு மாதம்கூட ஆகவில்லை. அவ்வளவு தூரம் வந்தும் அன்றைக்கு மேகம் மூடிக்கொண்டது, ஒன்றும் தெரியவில்லை. திரும்பும் வழியில் சிங்கப்பூரில் தங்கி வேறொரு வேலை செய்தார். அவர் சிங்கப்பூரிலும், மெல்போர்ன் ஆய்வகத்தின் பியெத்ரோ பராக்கி போர்ட் டார்வினிலும் இருந்துகொண்டு, தந்தி வழியே நேரக் குறிகளை அனுப்பிப் பெற்று, ஆஸ்திரேலியாவின் தீர்க்கரேகையைச் சரிபார்த்தார்கள். அதாவது 1883இல் ஒரு டார்வின் இன்னொரு டார்வினோடு தந்தியில் பேசிக்கொண்டிருந்தார். வரைபடத்தில் அந்தத் துறைமுகம் துல்லியமாக எங்கே நிற்கிறது என்று சொல்வதில் குடும்பத்துக்கும் பங்கு கிடைத்தது.

உலகத்தில் டார்வின் பெயர் தாங்கிய மற்ற இடங்களையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் எல்லாம் ஒரே ரகம் கிடையாது. தென் அமெரிக்காவின் நுனியில் டார்வின் சவுண்ட் இருக்கிறது. 1833 ஜனவரியில் பீகிள் குழுவினர் கரையில் உட்கார்ந்திருந்தபோது எதிரே பனியாற்றிலிருந்து பெரிய பாளம் உடைந்து விழுந்து அலை எழும்பியது, படகுகள் அடித்துக்கொண்டு போயிருந்தால் மொத்தக் குழுவும் அந்த வனாந்தரத்தில் மாட்டியிருக்கும். ஓடிப்போய்ப் படகுகளைப் பிடித்தவர்களில் டார்வின் ஒருவர், மறுநாளே ஃபிட்ஸ்ராய் அவர் பெயரை அந்த நீர்ப்பரப்புக்கு வைத்துவிட்டார். அடுத்த வருஷம் அவருடைய 25ஆவது பிறந்தநாளுக்கு ஒரு மலையையும் கொடுத்தார். இவையும் நட்புக் கணக்கில் சேர வேண்டியவை.

டாஸ்மேனியாவின் மவுண்ட் டார்வின் கதை நேர் எதிர். அது 1862வாக்கில், புத்தகம் வந்து சண்டை உச்சத்தில் இருந்தபோது, சார்லஸ் கூல்ட் என்ற நிலவியலாளர் வைத்தது. மேற்குக் கரை மலைத்தொடரில் பெரிய மலைகளுக்கெல்லாம் டார்வினின் எதிர்ப்பாளர்களான ஓவன், செட்ஜ்விக் போன்றவர்களின் பெயர்களை வைத்துவிட்டு, டார்வினுக்கும் அவர் பக்கம் நின்ற ஹக்ஸ்லி, லயல் ஆகியோருக்கும் சின்ன மலைகளை ஒதுக்கினார். இதில் கிண்டல் என்னவென்றால், டார்வின் கலாபகோஸிலிருந்து கொண்டுவந்த குருவிகளைப் பிரித்து அடையாளம் சொன்ன பறவையியலாளர் ஜான் கூல்டின் மகன்தான் இவர். கொள்கைக்காக வைத்த பெயர் என்றால் இதைத்தான் சொல்ல வேண்டும், அதுவும் குத்திக்காட்ட வைத்தது.

அமெரிக்காவிலோ ஆளே வேறு. கலிஃபோர்னியாவில் டார்வின் என்றொரு பாழடைந்த சுரங்க ஊர், அது எராஸ்மஸ் டார்வின் ஃப்ரெஞ்ச் என்ற மருத்துவர் பெயரில், டார்வின் என்பது அவருக்கு இடையில் வந்த பெயர். மினசோட்டாவில் நூல் உருண்டைக்குப் பேர்போன டார்வின் என்ற சிற்றூர், அது ரயில் நிறுவனப் பங்குதாரர் டார்வின் லிட்ச்ஃபீல்டுக்கு. வலைத்தளங்களில் ‘டார்வின் பெயரில் உள்ள ஊர்கள்’ என்று பட்டியல் போடுகிறவர்கள் இதையெல்லாம் ஒரே மூட்டையில் கட்டிவிடுகிறார்கள்.

ஆஸ்திரேலிய டார்வினுக்கு 1911க்குப் பிறகும் பெயர் நிலைத்ததே பெரிய விஷயம், ஊர் நிலைப்பதே இரண்டு தடவை சந்தேகமானது. 1942 பிப்ரவரி 19 அன்று, பத்து வாரம் முன்பு பேர்ல் ஹார்பரைத் தாக்கிய அதே ஜப்பானிய விமானந்தாங்கிக் கப்பல் படையின் விமானங்கள் வந்து குண்டு போட்டன. 200க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். ஊரின் பெயரை உலகத்துக்குக் கொண்டுபோன தந்தி, தபால் அலுவலகங்களின் மேல் குண்டு விழுந்து அங்கே வேலை பார்த்தவர்களும் மாண்டார்கள், அந்த இடத்தில் இன்று பிரதேசச் சட்டமன்றம் நிற்கிறது. பிறகு 1974 கிறிஸ்துமஸ் இரவில் டிரேசி புயல். மணிக்கு 217 கிலோமீட்டர் என்று காட்டியதோடு காற்றுமானி உடைந்துபோனது. 66 பேர் இறந்தார்கள், வீடுகளில் பெரும்பாலானவை தரைமட்டம், 45,000க்கு மேற்பட்ட மக்கள்தொகையில் 30,000 பேருக்கு மேல் வெளியேற்றப்பட்டார்கள். திரும்ப அதே இடத்தில் கட்டுவதா, வேறெங்காவது போவதா என்றே வாதம் நடந்தது. அதே இடத்தில், புயலைத் தாங்கும் புதிய விதிகளோடு கட்டினார்கள்.

சார்லஸ் டார்வினின் முழுப்பெயர் ஊருக்குள் வந்ததெல்லாம் இதற்குப் பின்னால்தான். போர்க்காலத்து வெடிமருந்துக் கிடங்குகள் இன்னும் நிற்கும் சதுப்புக்காட்டுக்குச் சார்லஸ் டார்வின் தேசியப் பூங்கா என்று பெயர், 2003இல் உருவான பல்கலைக்கழகமும் சார்லஸ் டார்வின் பல்கலைக்கழகம். முதல் பெயரையும் சேர்த்து எழுத ஆரம்பித்தபோதுதான் அறிவியல் மேதைக்கு மரியாதை என்ற பொருள் உண்மையில் வந்தது. துறைமுகத்துக் கப்பல் மேடையோ இன்றும் ஸ்டோக்ஸ் ஹில் வார்ஃப், எதிர்க்கரையில் எரிவாயு ஆலை நிற்கும் முனை விக்கம் பாயின்ட். மேஜையைப் பங்குபோட்ட ஆளும் தளத்தைத் துடைத்த ஆளும் ஒரே துறைமுகத்தில்தான் இருக்கிறார்கள். தோற்றுப்போன பிரதமரையும் மொத்தமாக விட்டுவிடவில்லை, 1980களில் டார்வினுக்கு வெளியே 20 கிலோமீட்டர் தள்ளி ஒரு துணை நகரம் எழுப்பினார்கள், அதற்குப் பால்மர்ஸ்டன் என்றே பெயர் வைத்தார்கள்.